வெள்ளத்தில் நனைந்த படிப்பகப் புத்தகங்களை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: படிப்பகத்துப் பையன்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். நேற்று ராத்திரி வடிகால் வாய்க்கால் உடைந்து படிப்பகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பீரோக்களில் கீழ் ரெண்டு தட்டும் முழுகிப்போச்சு. நாவல், பழைய வார இதழ், கோயில் குடமுழுக்கு மலர், பெரியவர்கள் கைப்பட எழுதிய கூட்ட நடவடிக்கை நோட்டு எல்லாம் சேறும் சகதியுமாகக் கிடக்குது. கரண்ட் இல்லை. வெயில் வந்ததும் நெல் காயவைக்கிற களத்தில் பரப்பிடலாம்னு பசங்க சொல்றாங்க. செய்யலாமா?

பதில்: ஓய்வுபெற்ற நூலகர், கும்பகோணம்

களம் வேண்டவே வேண்டாம் தம்பி. சுள்ளென்ற வெயிலில் அட்டை வளைந்துபோகும், ஓரம் காய்ந்து நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். இந்த அடைமழைக் காலத்து ஈரத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே இன்று பொழுது சாய்வதற்குள் எதை முதலில் தூக்குவது என்று முடிவு செய்யுங்கள்.

முதலில் அந்த நடவடிக்கை நோட்டு. 1952 புயலும் 1977 புயலும் உங்கள் ஊரை என்ன செய்தன என்று அதில் இருக்கலாம். வேறெங்கும் அது அச்சாகியிருக்காது. அடுத்து நூல் சேர்க்கைப் பதிவேடு, குடமுழுக்கு மலர்கள், உள்ளூர் நினைவு மலர்கள். நாவல்களைக் கடைசியில் பாருங்கள். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நிறைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. கடையிலும் மறுபதிப்பு கிடைக்கும். அதற்காக மனசு கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்றப் போனால், நோட்டுதான் போகும்.

நனைந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்க்காதீர்கள். தாள் கிழிந்துவிடும். சேறு இருந்தால் மூடியபடியே இறுக்கிப் பிடித்து, நல்ல தண்ணீர் வாளியில் மெதுவாக முக்கி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பேனா மையால் எழுதியதை மட்டும் அலசவே கூடாது, மை கரைந்து ஓடிவிடும்.

நிழலில், காற்றோட்டமான திண்ணையில், பழைய வெள்ளை வேட்டி விரித்து வையுங்கள். ஓரளவு நீர் இறங்கியபின் இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளைத் தாளைச் செருகி, ஈரமாகும்போதெல்லாம் மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டிக்கொள்ளும். அச்சகத்தில் கேட்டால் அச்சடிக்காத ரீல் தாள் மிச்சம் தருவார்கள்.

பதில்: நாகைத் துறைமுகத்துக்காரன்

உடனே காயவைக்க முடியாததை உறையவைச்சுடலாம். இறால் கம்பெனிக் குளிர்கிடங்கு மைனஸ் 18 டிகிரியில் ஓடும். ஜெனரேட்டர் உண்டு. புத்தகங்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மீன் டிரேயில் அடுக்கினால் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சம்மதிப்பாங்க. வாசனை ஒட்டாமல் நல்லாச் சுத்தணும். சாதா ஐஸ் பிளாண்ட்டுக்குக் கொண்டுபோகாதீங்க, அவ்வளவு குளிர் அங்கே கிடைக்காது.

படிப்பகத்துப் பையன்

மலர்களில் வழுவழுப்பான தாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டுது. என்ன செய்யறது ஐயா?

பதில்: ஓய்வுபெற்ற நூலகர், கும்பகோணம்

ஆர்ட் பேப்பரில் அதுதான் பெரிய ஆபத்து. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். காய்ந்துவிட்டால் செங்கல் மாதிரி இறுகிவிடும், அப்புறம் பிரிக்க முடியாது. ஏற்கனவே ஒட்டத் தொடங்கியதை இழுக்காமல் நாகைக்காரர் சொன்ன கிடங்குக்கு அனுப்பிவிடுங்கள். உறைந்தால் பூஞ்சணம் வளராது, நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும். வெளியே எடுக்கும்போது மொத்தமாக எடுக்காமல், அன்றைக்குக் காயவைக்க முடிந்ததை மட்டும் எடுங்கள்.

வார இதழ்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 1988இல் லெனின்கிராட் அறிவியல் கழக நூலகத்தில் தீப்பிடித்தபோது, தீயணைத்த தண்ணீரில் நனைந்த புத்தகங்களை ஊர்மக்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைத்துத் திருப்பித் தந்தார்கள். உங்கள் தெருவிலும் வீட்டுக்கு நாலைந்து பிரித்துக் கொடுங்கள். யாரிடம் எது என்று ஒரு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பூஞ்சணம் வந்துவிட்டால் ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், இன்னும் பரவும். நன்றாகக் காயவைத்து, வெளியில் கொண்டுபோய், முகக்கவசம் கட்டிக்கொண்டு மெல்லிய தூரிகையால் தட்டி விடுங்கள். சின்னப் பிள்ளைகளை அந்த வேலைக்கு விடவேண்டாம். தண்ணீர் வடிந்ததும் கீழ்த் தட்டுகளைத் தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்த்துங்கள். நடவடிக்கை நோட்டு காய்ந்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், படித்துப் பார்க்க எனக்கும் ஆசை.