ஸ்டாட்டினுக்கு அடங்காத எல்டிஎல்: பிசிஎஸ்கே9 ஊசி எவ்வாறு செயல்படுகிறது?

கேள்வி: பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் உள்ள என் தந்தை, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை இரவு உணவுக்குப் பின் தவறாமல் எடுத்தும், எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் 190க்குக் கீழே இறங்கவில்லை. மருத்துவர் இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறார். இது மாத்திரையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

மறுமொழி 1: கல்லீரல் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி, இரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த துகளுக்காக மீண்டும் மேலே வரும். பிசிஎஸ்கே9 என்னும் புரதம் ஒட்டிக்கொண்டால் அந்த ஏற்பி திரும்பி வராமல் உள்ளேயே சிதைந்துவிடும். ஸ்டாட்டின் ஏற்பிகளைப் பெருக்கும்போதே இப்புரதத்தையும் பெருக்கிவிடுகிறது. மாத்திரையின் அளவை இரட்டித்தாலும் எல்டிஎல் மேலும் 6 விழுக்காடு அளவுக்கே குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊசி இப்புரதத்தைத் தடுத்து, எல்டிஎல்லை ஏறத்தாழப் பாதியாக்குகிறது.

மறுமொழி 2: இதன் தொடக்கம் ஆய்வுக்கூடத்தில் அன்று, குடும்பங்களில் என்பதே எனக்கு வியப்பளிக்கிறது. 2003இல், எல்டிஎல் மிகுந்த பிரெஞ்சுக் குடும்பங்களில், இப்புரதத்தை உருவாக்கும் மரபணுவின் மிகைச் செயல்பாடு கண்டறியப்பட்டது. அம்மரபணு செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 விழுக்காடும் இதயத் தமனி நோய் 88 விழுக்காடும் குறைவாக இருந்ததை, ஆய்வாளர்கள் கோஹன், ஹாப்ஸ் குழுவினர் 2006இல் காட்டினர். 2015இல் முதல் இரு ஊசிகள் ஒப்புதல் பெற்றன.

மறுமொழி 3: உங்கள் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள், பெற்றோரில் ஒருவருக்குப் பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு.