போத்தனூர் எப்படி ஜங்ஷன் ஆச்சு? பழைய ஆட்கள் யாராவது சொல்லுங்க

கேள்வி – புதுக்குடித்தனம்:
வணக்கம். போன மாதம்தான் செட்டிபாளையம் ரோட்டுப் பக்கம் குடிவந்தோம். ராத்திரி கூட்ஸ் வண்டி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு பெரிய யார்டு, ஓடு போட்ட பழைய பங்களாக்கள், ரயில்வே காலனி. பக்கத்திலேயே கோவை ஜங்ஷன் இருக்கும்போது இங்கே எதற்கு இத்தனையும்? கோவையில் இடம் போதாமல் பிறகு கட்டியதா?

பதில் – காலனிப் பெண்:
இல்லைங்க, நேர்மாறு. முதலில் ரயில் வந்தது எங்கள் ஊருக்குத்தான். மெட்ராஸிலிருந்து சேலம், ஈரோடு வழியாக வந்த பாதையும், மேற்கே பேப்பூர் கடற்கரையிலிருந்து வந்த பாதையும் 1862இல் போத்தனூரில் கைகோத்தன. இருகூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராகக் கோடு இழுத்தால் கோவை டவுன் வடக்கே ஒதுங்கிவிடும், போத்தனூர் வழியில் வரும். அவ்வளவுதான் காரணம். கோவைக்கு ரயில் கிடைத்தது 1873இல், அதுவும் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் போட்ட கிளைப் பாதையில் ஒரு ஸ்டேஷனாக. பதினோரு வருஷம் நாங்கள் மூத்தவர்கள்! ஊட்டிக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் இங்கே இறங்கித்தான் வண்டி மாறினார்கள்.

நான் காலனி க்வார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சிக்னல் வொர்க்‌ஷாப்பில் பிட்டர். காலையில் சங்கு ஊதினால் அம்மா அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்குவார். எங்கள் வீட்டில் கடிகாரம் வாங்கியதே நான் ஐந்தாவது படிக்கும்போதுதான். அப்பா கை எப்போதும் எண்ணெய் வாசம். ஒற்றைப் பாதையில் டோக்கன் என்கிற அனுமதி இரும்பு கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது, எதிரே இன்னொரு வண்டி வராது என்பதற்கு அந்த இரும்புதான் சாட்சி என்று சோறு பிசைந்துகொண்டே விளக்குவார். டோக்கன் கொடுக்கிற கருவி பழுதுக்கு வந்தால் அன்று வீட்டுக்கு வரத் தாமதம். “தப்பா மாட்டினா ஆள் செத்துருவான் கண்ணு” என்பார். சிக்னலுக்கான மின் சுவிட்சான ரிலே, தண்டவாளத்தைப் பாதை மாற்றிவிடும் பாயின்ட் மெஷின் எல்லாம் அங்கே செய்தார்கள். ஊரை வளர்த்தது தண்டவாளம் மட்டும் இல்லை, அந்த வொர்க்‌ஷாப்பும்தான். ஒருவர் சம்பளத்தை நம்பி மளிகைக்கடை, தையல்கடை, பால்காரர், டியூஷன் டீச்சர் என்று பத்துப் பேர் பிழைத்தார்கள்.

பக்கத்து வரிசையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. டிரைவர், கார்டு வேலையில் அவர்கள் நிறையப் பேர். கிறிஸ்துமஸுக்குத் தட்டு நிறைய கேக் வரும், பொங்கலுக்கு நாங்கள் திருப்பிக் கொடுப்போம். அப்புறம் ஒவ்வொரு வீடாக ஆஸ்திரேலியா போய்விட்டது. நீங்கள் பார்த்த பங்களாக்களில் சிலவற்றில் அவர்கள் இருந்தார்கள்.

பதில் – மீட்டர்கேஜ்:
அக்கா சொன்னதோடு பொள்ளாச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1915இல் இங்கிருந்து பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை போட்டார்கள். அகலப் பாதையும் அதைவிடக் குறுகலான மீட்டர்கேஜும் சந்திக்கிற ஊரில் சரக்கை ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொரு வேகனில் ஏற்ற வேண்டும். எல்லாம் ஆள் தோளில்தான். என் தாத்தா மூட்டை தூக்கியவர். அகலப் பாதையாக மாற்றும் வேலை முடிந்து 2017இல் மறுபடி வண்டி ஓடியபோது பாட்டியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். தண்டவாளத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதில் – குறிச்சிக் குளம்:
1921ஐ விட்டுவிடாதீர்கள். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மலபார் கிளர்ச்சியில் பிடித்த சுமார் நூறு பேரைத் திரூரில் காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து பெல்லாரிக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்தது நம் போத்தனூரில். அறுபதுக்கும் மேல் செத்துப்போனார்கள். மலப்புறத்துக்காரர்களுக்கு நம் ஊர்ப் பெயர் அப்படித்தான் தெரியும். நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

பதில் – காலனிப் பெண்:
ஆமாம். அப்பா அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

புதுக்குடித்தனம்:
எல்லாருக்கும் நன்றி. 2011இல் மாநகராட்சியில் சேர்ந்ததால் இதைக் கோவையின் ஒரு மூலை என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மகனோடு பொள்ளாச்சி வண்டியில் கிணத்துக்கடவு வரை போய்வரப் போகிறேன்.

காலனிப் பெண்:
ஜன்னல் சீட்டை மகனுக்குக் கொடுங்க. கிளம்பும்போது யார்டில் எத்தனை பாதை பிரிகிறது என்று எண்ணச் சொல்லுங்க. நாங்கள் எண்ணிப் பந்தயம் கட்டுவோம்.