ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பழையபடி ஆக்கணும், வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. மாமா வெச்சிருந்த 1967 மாடல் ரெண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இப்போ என்கிட்ட வந்திருக்கு. சென்னையிலயே தயாரான வண்டி. ஆனா நடுவுல யார் யாரோ கை வெச்சிட்டாங்க. ஒரிஜினல் 948 சிசி இன்ஜினைத் தூக்கிட்டு மாருதி ஆம்னி வேன் இன்ஜின் போட்டிருக்காங்க. அலாய் வீல் வேற. ஸ்டீரியோவுக்காக டேஷ்போர்டை அறுத்த ஓரம் இன்னும் கையைக் கிழிக்குது!

பாடி பரவாயில்ல. முன்பக்கம் முழுசா மட்கார்டோட சேர்ந்து முன்னாடி சாயுற அந்த பானட் ஒழுங்கா திறக்குது. கவலையெல்லாம் சேஸிஸ்தான், அதாவது பாடியைத் தாங்குற அடிச்சட்டம். ஆம்னி இன்ஜினை உட்கார வைக்க பழைய மவுண்டிங்கை வெட்டி, புதுசா பிராக்கெட் வெல்டிங் அடிச்சிருக்காங்க. அந்தச் சட்டத்துல இருந்து பக்கவாட்டுல நீளுற கைகள்ல துருவும் இருக்கு. பாடியைக் கழட்டாம இதைச் சரி பண்ண முடியுமா? நம்பிக்கையான பட்டறை கோவை, ஈரோடு பக்கம் இருந்தா சொல்லுங்க.

இன்ஜின், கியர்பாக்ஸ் ரெண்டும் ஒண்ணா கிடைச்சா நல்லது. ஹெரால்டுக்கு அப்புறம் அதே கம்பெனி விட்ட கஸல் கார், ஓடாத வண்டியா இருந்தாலும் வாங்கிக்கிறேன், இன்ஜின் அதேதானே. பின் ஆக்ஸில் எனக்கு வேண்டாம், அது வேற மாதிரி.

இன்னொண்ணு: 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021 விதிப்படி 'விஏ' நம்பர் (விண்டேஜ் வண்டிக்கான தனிப் பதிவெண்) வாங்கணும்னா சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறியிருக்கக் கூடாது. வேற வண்டியோட 948 இன்ஜினை மாட்டினா ஆர்டிஓவுல ஒத்துக்குவாங்களா? ஆர்சி புக்குல இன்ஜின் நம்பர் மாத்தின அனுபவம் உள்ளவங்க விவரமா எழுதுங்க.