ரீலுக்கு வியூ வருது, செய்திமடலுக்கு ஆள் வரல. எங்க ஓட்டை?

கீரைக்கட்டு
அவசரம். மாடித்தோட்டம் பத்தி வாராவாரம் செய்திமடல் அனுப்புறேன். இன்ஸ்டாவுல ரீல் போட்டு ஆள் சேர்க்கலாம்னு இறங்கினேன். போன வாரம் ஒரு ரீல் 40,000 வியூ. சந்தா 11. பதினொண்ணு! லிங்க் எல்லாம் குடுத்திருக்கேன். சனிக்கிழமை அடுத்த இதழ், அதுக்குள்ள யாராவது சொல்லுங்க.

குறுக்குச்சால்
லிங்க் எங்க குடுத்திருக்கீங்க? கேப்ஷன்லயா, பயோலயா (புரொஃபைல் குறிப்பு), ஸ்டோரிலயா? கேப்ஷன்ல போட்டா அது வெறும் எழுத்து, தொட்டா திறக்காது. எத்தனை பேர் தட்டினாங்க? படிவத்துல என்னென்ன கேக்குறீங்க?

பழைய_பஞ்சாங்கம்
மேல தேடல் பெட்டின்னு ஒண்ணு இருக்கு, அழகுக்கு வைக்கல. மாசம் நாலு தடவை இதே கேள்வி. வியூங்கிறது ரீல் ஓடின கணக்கு, ஒரே ஆள் மூணு தடவை பார்த்தா மூணு. ரீச், அதாவது தனித்தனியா எத்தனை பேர் பார்த்தாங்கன்னு பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

ரெண்டாம்_ஷிப்ட்
ஸ்டோரில லிங்க் வைங்க சகோ. ஆனா அதுக்கு 10,000 ஃபாலோயர் வேணும்.

குறுக்குச்சால்
அது பழைய கதை. 2021 அக்டோபர்லேர்ந்து லிங்க் ஸ்டிக்கர் எல்லாருக்கும் உண்டு. ஸ்டோரி 24 மணி நேரத்துல மறையும், அதனால ஹைலைட்ல ‘செய்திமடல்’னு தனியா சேர்த்து வைக்கணும்.

நெய்தல்வெளி
இன்ஸ்டாவைக் கட்டி அழறதுக்கு பின்டரெஸ்ட் போங்க. அங்க போடுற படப் பதிவுக்கு ‘பின்’னு பேர், அந்தப் பின்னைத் தட்டினா நேரா உங்க பக்கத்துக்கே போகலாம். 1000×1500 அளவு படம், ஒரு இதழுக்கு மூணு நாலு பின், ஒவ்வொண்ணுக்கும் வேற தலைப்பு: ‘தொட்டியில் தக்காளி’, ‘மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்’ இப்படி. முகப்புப் பக்கத்துக்கு லிங்க் குடுக்காதீங்க, அந்த இதழோட பக்கத்துக்கே குடுங்க, அங்கேயே படிவம் இருக்கட்டும். ரீல் சில நாள்ல அடங்கிடும், பின் தேடல்ல மாசக்கணக்கா வரும்.

ரெண்டாம்_ஷிப்ட்
தமிழ்ல யாருங்க பின்டரெஸ்ட்ல தேடுறாங்க?

நெய்தல்வெளி
அதனாலதான் விளக்கத்துல தமிழும் வேணும், ஆங்கிலத் தேடல் சொல்லும் வேணும். படத்துக்குள்ள மட்டும் எழுதிட்டு விளக்கத்தைக் காலியா விட்டா எந்த மொழியிலயும் சிக்காது.

கீரைக்கட்டு
லிங்க் பயோலதான் இருக்கு. அதுல ஒரு லிங்க் பக்கம், உள்ள 7 பொத்தான் (யூடியூப், வாட்ஸப் சேனல், விதைப் பட்டியல்…). செய்திமடல் அஞ்சாவது. அந்தப் பொத்தானை 312 பேர் தட்டியிருக்காங்க. படிவத்துல பேர், ஊர், போன், மெயில். ரீச் 23,000.

குறுக்குச்சால்
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். 312 பேர் வாசல் வரைக்கும் வந்திருக்காங்க, 11 பேர்தான் உள்ள வந்திருக்காங்க. ரீல்ல குத்தம் இல்ல, ஓட்டை வாசலுக்கு உள்ள.

செய்திமடல் லிங்கை பயோலயே நேரா வைங்க. இன்ஸ்டா 5 லிங்க் வரைக்கும் விடும், ஆனா முதல் லிங்க்தான் கண்ணுல படும், மத்தது மடிஞ்சு நிக்கும். போன் நம்பர் கேக்குறதை இன்னைக்கே தூக்குங்க. மெயில் மட்டும் போதும், ஊரை வரவேற்பு மெயில்ல கேட்டுக்கலாம். அப்புறம் பயோவுக்கு ஒரு யூடிஎம் (ஆள் எங்கேர்ந்து வந்தாங்கன்னு காட்ட லிங்க் கடைசியில சேர்க்கிற குறி), ஸ்டோரிக்கு ஒண்ணு, கலக்காதீங்க.

இன்னொண்ணு, இன்ஸ்டாவுல தட்டினா பக்கம் குரோம்ல திறக்காது, செயலிக்குள்ளயே இருக்கிற உலாவியில திறக்கும். குரோம்ல சேமிச்ச முகவரி அங்க தானா நிரம்பாம போகலாம், அப்போ முழுசா டைப் அடிக்கணும். ‘கூகுள் மூலம் சேரவும்’ பொத்தான் வெச்சிருந்தா அது அங்க வேலையே செய்யாது, 403 பிழை காட்டும். உங்க போன்ல குரோம்ல பாத்துட்டு ‘நல்லாத்தானே இருக்கு’ன்னு விட்டுடாதீங்க. வேற ஒருத்தர் போன்ல, இன்ஸ்டா வழியா போய்ப் பாருங்க.

கடைசியா, சேர்றவங்களுக்கு ‘இதைத் தட்டி உறுதி செய்யுங்க’ன்னு உறுதிப்படுத்தல் மெயில் போகுதா? உறுதி செய்யாதவங்க பட்டியல்ல எத்தனை பேர்? அனுப்புநர் முகவரி என்ன?

கீரைக்கட்டு
ஐயோ, அந்தப் பட்டியல்ல 96 பேர்! அனுப்புறது என் ஜிமெயில் முகவரியிலதான். அதுல என்ன?

குறுக்குச்சால்
அதுதான் பெரிய ஓட்டை. மெயில் கிளம்புறது செய்திமடல் கருவியோட சர்வர்லேர்ந்து, அனுப்புநர் இடத்துல இருக்கிறது ஜிமெயில் முகவரி. அனுப்புநர் நிஜமான்னு பாக்கிற எஸ்பிஎஃப், டிகிம் சோதனை ரெண்டும் ஜிமெயில் பேரோட பொருந்தாது. ஜிமெயில் முகவரியை இப்படிப் போடாதீங்கன்னு கூகுள் 2024 பிப்ரவரியில வந்த விதிகள்லயே சொல்லுது. உறுதிப்படுத்தல் மெயில் ஸ்பாம்ல கிடக்கும், அவங்க மறந்தே போயிருப்பாங்க.

சொந்த டொமைன் வாங்குங்க. கருவி குடுக்கிற டிகிம் பதிவுகளை டிஎன்எஸ்ல (டொமைனோட அமைப்புப் பதிவேடு) அப்படியே ஒட்டுங்க. எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான். ஏற்கெனவே இருந்தா அதுக்குள்ளயே சேருங்க, ரெண்டாவதா ஒண்ணு போட்டா ரெண்டும் செல்லாது. டிமார்க் (சோதனையில தவறின மெயிலை என்ன பண்ணணும்னு சொல்ற பதிவு) ஒண்ணு, தொடக்கத்துல ‘நன்’ (ஒண்ணும் பண்ண வேணாம்) போதும். உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, ஜிமெயில்ல அந்த மெயிலோட மெனுவுல ‘ஷோ ஒரிஜினல்’ திறந்தா மூணுக்கும் ‘பாஸ்’ வரணும்.

ரெண்டாம்_ஷிப்ட்
இவ்வளவு எதுக்கு? உறுதிப்படுத்தலையே அணைச்சிடுங்க. 96 பேரும் உள்ள.

பழைய_பஞ்சாங்கம்
அருமை. பாட் (தானியங்கிப் போலி ஆள்), எழுத்து மாறின முகவரி எல்லாத்தையும் உள்ள விடுங்க, பவுன்ஸ் (திரும்பி வர்ற மெயில்) ஏறி, ஏற்கெனவே இருக்கிற 11 பேருக்கும் போகாது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அது ஒப்புதல் கேக்குது.

ரெண்டாம்_ஷிப்ட்
சட்டம் ஒப்புதல் கேக்குது. ரெண்டு தடவை கேக்கச் சொல்லலையே?

பழைய_பஞ்சாங்கம்
அந்த ஒப்புதலை நீங்க நிரூபிக்கணும். யாரோ உங்க முகவரியைப் போட்டு 40 மடல்ல சேர்த்தா அப்ப புரியும்.

நெய்தல்வெளி
கேட்டவர் ஆளைக் காணோம், நீங்க ரெண்டு பேரும் வழக்காடுங்க.

கீரைக்கட்டு
டொமைன் மாத்தியாச்சு, மூணும் பாஸ். போன் நம்பர் தூக்கிட்டேன். 96 பேருக்கும் உறுதிப்படுத்தல் மெயில் ஒரு தடவை மறுபடி அனுப்பினேன், 41 பேர் வந்துட்டாங்க. நன்றி குறுக்குச்சால். இதழ் வேலை கிடக்கு, அப்புறம் வரேன்.

நெய்தல்வெளி
பின் போட்டீங்களா?