ஃபைட்டர் தொட்டித் தண்ணீர் பால் மாதிரி கலங்குகிறது, மீன் மேலேயே நிற்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
போன மாதம் கொளத்தூரில் மகளுக்கு ஒரு நீல ஃபைட்டர் மீன் வாங்கினேன். அந்தச் சின்னக் குப்பியிலேயே அதை விட்டுவைக்க மனசு வரவில்லை, அதனால் 30 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஆற்று மணல், ஒளிந்துகொள்ள உடைந்த மண்பானைத் துண்டு, அப்புறம் திருச்செந்தூர் கரையில் மகள் பொறுக்கிய சிப்பிகள் என்று பார்த்துப் பார்த்து அமைத்தோம். நாலு வாரம் ஆகிறது. வாரம் தவறாமல் தண்ணீர் முழுவதையும் மாற்றுகிறேன், குளோரின் போக மருந்தும் விடுகிறேன், ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை கசக்குகிறேன். இருந்தும் இரண்டே நாளில் கலங்கிவிடுகிறது. மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு மேலேயே நிற்கிறது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறாள்.

பதில்:
அண்ணா, ஃபைட்டர் மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்புதான், அதற்கென்றே தனி உறுப்பு இருக்கிறது. ஆனால் துடுப்பை மடக்கினால் ஏதோ சரியில்லை. தண்ணீரில் அமோனியாவும், பி.எச்சும் (அமில-காரத் தன்மை) பார்த்தீர்களா?

கேட்டவர்:
இப்போதுதான் கிட் வாங்கிப் பார்த்தேன். அமோனியா 1 பி.பி.எம்., பி.எச். 8.2.

இன்னொரு பதில்:
தம்பி, பஞ்சைக் குழாயடியில் கசக்குவதை முதலில் நிறுத்துங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கும், நீங்கள் தொட்டிக்கு மட்டும் மருந்து விட்டுவிட்டுப் பஞ்சைக் குளோரின் தண்ணீரில் கழுவுவதால் வாரா வாரம் அவை செத்துப்போகின்றன. தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும், பழுப்பாகவே இருக்கட்டும்.

அடுத்தது சிப்பி. ஒன்றின் மேல் ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைக்கும். சுண்ணாம்புச் சத்துதான் அது. தண்ணீரில் மெல்லக் கரைந்து பி.எச்சை ஏற்றும், பி.எச். ஏற ஏற அதே அளவு அமோனியாவே மீனுக்குக் கூடுதல் விஷம். எடுத்துவிடுங்கள். மகளிடம் பக்குவமாகச் சொல்லிக் கண்ணாடிக்கு வெளியே வரிசையாக வையுங்கள்.

தண்ணீரை முழுக்க மாற்றாதீர்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கு, மருந்து விட்டு, அதே சூட்டில். தீனி ஒருவேளை, மூன்று நாலு உருண்டை. நோயில்லாத பழைய தொட்டி தெரிந்தவரிடம் இருந்தால் அந்தப் பஞ்சைப் பிழிந்த அழுக்கை வாங்கி ஊற்றுங்கள், பாக்டீரியா சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வாதாம் மரத்தடியில் தானாக உதிர்ந்த காய்ந்த இலை ஒன்றும் போடலாம், தண்ணீர் தேநீர் நிறமாகும், ஃபைட்டருக்கு அது பிடிக்கும். மருந்தடித்த மரமாக மட்டும் இருக்கக் கூடாது.

கேட்டவர், 3 வாரம் கழித்து:
அமோனியா 0, நைட்ரைட் 0, பி.எச். 7.4. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது! நேற்றுக் காலை வாதாம் இலை ஓரத்தில் மீன் நுரைக்கூடு கட்டியிருக்கிறது, ஒவ்வொரு குமிழும் கடுகு அளவு. மகள் எழுந்ததும் என்னையும் எழுப்பிக் காட்டினாள். இருவருக்கும் ரொம்ப நன்றி. நைட்ரேட் 20 காட்டுகிறதே, பரவாயில்லையா?

இன்னொரு பதில்:
பரவாயில்லை தம்பி. இனி வாரம் கால் பங்கு மாற்றுங்கள், அது போதும். மாற்றும்போது அந்தக் கூடு கலையாமல் ஓரமாக ஊற்றுங்கள்.