புதுப்பிப்பு: அம்மா மீதிப் படத்தையும் பார்த்துவிட்டார்

2018இல் வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தை வீட்டில் போட்டபோது, கருப்பி என்ற நாய் தண்டவாளத்தில் கொல்லப்பட்டதுமே அம்மா எழுந்து போய்விட்டதையும், மறுபடி போடலாமா என்று நான் தயங்கியதையும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். பொறுத்திருக்கும்படி பலரும் சொன்னீர்கள்; நேற்றிரவு அவரே, “மிச்சத்தையும் போடுல” என்றார்.

முக்கூடலில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடும்போதும் அம்மாவின் மடியில் பீடித்தட்டு இருக்கும். படத்தில் பெண் வேடமிட்டு ஆடும், நாயகனின் தகப்பனாராக, உண்மையிலேயே நாட்டுப்புறக் கலைஞரான தங்கராஜ் நடித்திருக்கிறார். அவரது வேட்டியை உருவி மாணவர்கள் ஓடவிடும் காட்சியில் அம்மாவின் கை நின்றது. பாதி சுற்றிய இலை விரிந்து தூள் சிந்தியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“நம்மூர்க் கோயில் கொடையில ஆடுனவரும் தலையக் குனிஞ்சேதான் நடப்பாரு” என்றார். அந்த மனிதரைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் அம்மா பேசியதே இல்லை. படம் முடிந்தபின் நள்ளிரவு வரை பேசினார்.