புதுப்பிப்பு: பேசும் நாய்ப் படம், இந்த முறை குழந்தைகளோடு

'பெவர்லி ஹில்ஸ் சிவாவா' (2008) பற்றி முன்பு இதே திரியில் எழுதியிருந்தேன்: கதை மெலிசு, நாய்கள்தான் படத்தைத் தூக்கி நிறுத்துகின்றன என்று. "சின்னதுகளுக்குக் காட்டலாமுங்களா?" எனச் சிலர் கேட்டிருந்தீர்கள். கோபியில் அக்கா வீட்டுக் குழந்தைகளோடு மறுபடி பார்த்தேன்.

தாராளமாகக் காட்டலாமுங்க. செல்லமாய் வளர்ந்த குளோயி என்ற சிவாவா (உருவில் மிகச் சிறிய நாய் இனம்) மெக்சிகோவில் தொலைந்துபோகிறாள். மோப்பசக்தி இழந்த டெல்காடோ என்ற முன்னாள் போலீஸ் நாய் துணைக்கு வருகிறது. எங்க வாண்டுகளுக்கு டெல்காடோதான் நாயகன்! எனக்கும் அப்படித்தான். அந்தக் குரலில் இருக்கும் களைப்பு நெஞ்சைத் தொடுகிறது. நிஜ நாய்கள் நடிக்க, வாயசைப்பைக் கணினியில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் கண்ணும் காதும் வாலும் பொய் சொல்வதில்லை. நாய்ச்சண்டைக் களத்தில் டாபர்மேன் வரும் இடத்தில் மட்டும் குட்டிப் பாப்பா அக்கா மடியில் ஒளிந்துகொண்டாள். அஞ்சு வயசுக்குக் கீழே என்றால் பக்கத்தில் உட்காருங்க.

குளோயியைக் காதலிக்கும் பாப்பி என்ற சிவாவாவாக நடித்தது காப்பகத்திலிருந்து மீட்கப்பட்ட நாய். படம் முடிந்ததும் "நமக்கும் சிவாவா வேணும்" என்று கேட்டவர்களிடம் இதைத்தான் சொன்னேன். இப்போது தெருவில் திரியும் செவலைக் குட்டிக்குப் பேர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

2011இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.